வெந்தது ஐந்து சதவீதம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு விபத்தில் அடிபட்ட ஒருவரின் இழப்பீட்டுக் கட்டைப் பிரித்தால் உள்ளே மூன்று சதவீதங்கள் இருக்கும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும் தீக்காயச் சதவீதம் ஒன்று. மெடிக்கல் போர்டோ அரசு மருத்துவரோ கொடுத்த ஊனச் சதவீதம் இன்னொன்று. மூன்றாவதுதான் சட்டம் கேட்பது: இவருடைய சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று? மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். மனுவைத் தள்ளிவிடும் உத்தரவுகளையும், கேட்டதில் காலோ அரைக்காலோ கொடுத்து முடித்துவிடும் உத்தரவுகளையும் வரிவரியாகப் படித்தால், பெரும்பாலானவற்றில் முதல் இரண்டில் ஒன்றைத் தூக்கி மூன்றாவதன் இடத்தில் வைத்திருப்பது தெரியும். விபத்தே நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வெடிச்சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும், எஃப்.ஐ.ஆர். இருக்கும், பத்திரிகைச் செய்தி இருக்கும். மறுப்பு பெரும்பாலும் வருவது எண்ணின் வழியாகத்தான். ஆகவே மேல்முறையீடு என்ற இந்த வேலையில் பாதிக்கு மேல், மூன்று சதவீதங்களையும் பிரித்து வைத்து, சட்டம் கேட்ட கேள்விக்குச் சட்டம் கேட்ட பதிலைக் கொடுப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். தீக்காய வார்டில் ஒருவரைச் சேர்த்ததும் உடல் தோலில் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்று மருத்துவர் கணக்கிடுகிறார். தலைக்கு ஒன்பது, ஒரு கைக்கு ஒன்பது, ஒரு காலுக்குப் பதினெட்டு என்று ஒன்பதின் மடங்குகளில் போகும் கணக்கு அது. சிறு காயங்களுக்கு நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையையே ஒரு சதவீதம் என்று கொள்வார்கள். இந்த எண் எதற்கு? உயிரைக் காப்பாற்றுவதற்கு. உடல் எடையையும் வெந்த சதவீதத்தையும் நான்கால் பெருக்கினால் முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் திரவம் ஏற்றவேண்டும் என்று வரும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாற்பது சதவீதம் வெந்திருந்தால் எட்டு லிட்டர், அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். பிழைப்பாரா மாட்டாரா என்பதைக் கணிப்பதற்கும் இது முக்கியமான எண். பிழைத்தபின் எப்படிப் பிழைப்பார் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. ஒரு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை முன்னும் பின்னுமாகச் சேர்த்தாலே இரண்டு, இரண்டரை சதவீதம்தான். இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை முழுதாக வெந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து சதவீதத் தீக்காயம் என்றுதான் இருக்கும். முதுகு முழுவதும் வெந்தவருக்குப் பதினெட்டு. முதுகு ஆறியவர் மறுபடி பட்டாசுக் குழாய் உருட்டலாம். கை வெந்தவர்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பட்டாசு ஆபீஸ் என்று இங்கே சொல்லும் ஆலைகளில் மருந்து கலப்பதும் அடைப்பதும்தான் செய்தியில் வரும் வேலைகள். ஆனால் குழாயில் மண் அடைப்பது, திரி செருகுவது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது என்று வேலையின் நீளம் அதைவிடப் பெரியது. அத்தனையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் பிடியில் நடப்பவை. திரியைக் கிள்ளி எடுத்து, துவாரத்தில் நேராக இறக்கி, நிமிராமல் நெரியாமல் அழுத்தவேண்டும். கூலி பீஸ் கணக்கு, வேகம்தான் சம்பளம். வெடிப்பில் தீ பாயும்போது மனிதர் தன்னையறியாமல் கைகளைத் தூக்கி முகத்தை மறைக்கிறார். அதனால் புறங்கை முதலில் வேகிறது. அங்கே தோல் மெல்லியது. அடியிலேயே விரல்களை நீட்டும் தசைநார்கள். ஆறும்போது தழும்பு இறுகி இழுக்கும். விரலின் அடிமூட்டு பின்னோக்கி வளைய, நடுமூட்டு மடங்க, கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ள, கை பறவையின் காலைப்போல ஆகிவிடுகிறது. விரல் ஐந்தும் இருக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாக இருக்கிறது. ஆனால் ஒரு திரியைக் கிள்ளி எடுக்க முடியாது. ஒட்டுத்தோல் போட்ட இடத்தில் வியர்வைச் சுரப்பி கிடையாது, உணர்ச்சி மட்டு; வெயிலில் அந்தத் தோல் காந்தும், சிறு உராய்விலும் கொப்பளிக்கும். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போவதும் நூறுநாள் வேலைக்கு மண்வெட்டி பிடிப்பதும் அவருக்கு இனி ஆகாது. இந்தக் கைகளுக்குக் காகிதத்தில் இருக்கும் எண் ஐந்து.

இரண்டாவது சதவீதம் ஊனச் சான்றில் வருவது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், பார்வை எவ்வளவு என்று அளந்து கூட்டிக் கொடுக்கும் எண் அது. நாற்பதைத் தொட்டால் சலுகைகளுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் வழி திறக்கும். அதற்கு அது சரியான அளவு. அந்தச் சான்றைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சான்றை எழுதுபவர் எதிரில் இருப்பவர் எழுத்தரா, சரம் பின்னுபவரா என்று கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. பட்டாசு ஊர்களைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய ஓட்டையும் அதில் உண்டு. அந்தச் சட்டம் பட்டியலிடும் இருபத்தொரு வகைகளில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர் ஒரு வகை. யாராவது வேண்டுமென்றே அமிலத்தையோ அதுபோன்ற அரிக்கும் பொருளையோ வீசி முகம் சிதைந்திருக்கவேண்டும். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் சேர்ந்து எரிந்து முகம் சிதைந்தவர் அந்த வகையில் வரமாட்டார். மூட்டு மடங்குகிறது, கண் தெரிகிறது என்றால் அவருடைய முகத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இதைத் திருத்தவேண்டும் என்று கேட்பது அவசியம். அதுவரை, அந்தச் சான்றை இழப்பீட்டு வழக்கின் கடைசிச் சொல்லாக யாரும் வைக்கும்போது எதிர்த்து நிற்பது அதைவிட அவசியம்.

ஏனென்றால் இழப்பீட்டுச் சட்டம் வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால் ஊன்றிய அதே 1920-களில், 1923-இல், வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முழு ஊனம் என்பதை உடலை வைத்து வரையறுக்கவில்லை. விபத்து நேர்ந்த சமயத்தில் ஒருவர் எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த வேலை எதையும் செய்ய இயலாமல் போவதே முழு ஊனம். அதன் முதல் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு கை போனால் நூறு சதவீதம், பார்வை போனாலும் நூறு, அதே பட்டியலில், அதே நூறு சதவீதத்தில், முகம் மிகக் கடுமையாகச் சிதைவதும் நிற்கிறது. முகம் சிதைந்தவருக்குக் கையும் காலும் ஓடும். மூட்டை அளக்கும் மருத்துவருக்கு அவர் பூஜ்ஜியமாகக்கூடத் தெரியலாம். ஆனாலும் சட்டம் நூறு என்கிறது. காரணம், அவருக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அட்டவணையே வேலைச் சந்தையைப் பார்த்து எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு, அதாவது நம் தீக்காயக் கைகளுக்கு, நான்காம் பிரிவு சம்பாதிக்கும் திறன் இழப்பை மருத்துவர் மதிப்பிடவேண்டும் என்கிறது. மதிப்பிடவேண்டியது ஊனத்தை என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், 1975 டிசம்பரில், இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு நூறு சதவீதமே சரி என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வலது கை இருக்கிறதே என்ற முதலாளியின் வாதம் எடுபடவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பு. கே. ஜனார்த்தன் வழக்கில் காலை இழந்த டேங்கர் லாரி ஓட்டுநருக்கு, மனுவை முதலில் விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் கொடுத்த நூறை உயர் நீதிமன்றம் அறுபத்தைந்தாகக் குறைத்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் நூறையே திருப்பிக் கொடுத்தது. 2010-இல் தீர்ப்பான ராஜ்குமார் வழக்கு சாலை விபத்தைப் பற்றியது என்றாலும், உடல் ஊனமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கிய தீர்ப்பு கிடையாது. ஒரே கை போனாலும் ஓட்டுநருக்கு ஒரு கணக்கு, அரசு எழுத்தருக்கு வேறு கணக்கு. இந்த வித்தியாசம் பணத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். நாற்பது வயது, மாதக் கூலி 12,000 ரூபாய். அதில் அறுபது சதவீதம் 7,200. நாற்பது வயதுக்கான பெருக்கெண் 184.17. முழு ஊனம் என்றால் 13,26,024 ரூபாய். முப்பது சதவீதம் என்று முடித்துவிட்டால் 3,97,807. ஒரே குடும்பத்துக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அது எந்தச் சதவீதத்தை எடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியில் தொங்குகிறது.

மருத்துவம் படித்தவர் ஓர் எண்ணைச் சொன்னபின் வழக்கறிஞரும் தொழிற்சங்கத்தாரும் அதைத் தள்ளி வேறு எண் கேட்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மருத்துவரைத் தள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவேண்டும் என்கிறேன். பெரும்பாலும் தொழிலாளி வெறுங்கையோடு மருத்துவர் முன்னால் போய் நிற்கிறார். மருத்துவருக்குக் கை தெரிகிறது, வேலை தெரியவில்லை. அவர் தனக்குப் பழகிய சான்றுப் படிவத்தில் முப்பத்தைந்து என்று எழுதிக் கொடுக்கிறார். பின்னால் ஆணையர் முன்னிலையில் இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் அதே மருத்துவரைக் கேட்பார்: நீங்கள் சிகிச்சை செய்தவர் இல்லையே, இது முழு உடலுக்கான சதவீதமா, அந்த உறுப்புக்கு மட்டுமா? மருத்துவர் தயங்குவார். ஆணையர் முப்பத்தைந்தை இருபத்தைந்தாக்குவார். இதற்கு மாற்று, மருத்துவரிடம் போகும்போதே ஒரு தாளில் வேலையை எழுதிக் கொண்டுபோவது. எந்த அறையில் என்ன வேலை, எந்த விரல்களின் பிடி, உட்கார்ந்தா நின்றா, எவ்வளவு எடை தூக்கவேண்டும், எத்தனை வருடப் பழக்கம். சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமே கேட்பது நல்லது. கிள்ளும் பிடியின் பலத்தையும் மூட்டு மடங்கும் அளவையும் பிசியோதெரபிஸ்ட் அளந்த தாளை இணைத்தால் இன்னும் நல்லது. இந்த வேலைகளில் எதை இவரால் இனிச் செய்ய முடியும் என்று கேட்டால் மருத்துவர் தன் படிப்பை வைத்தே பதில் சொல்வார். அந்தப் பதிலைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கடினம்.

காலம் பார்த்துச் செய்வதும் இதில் சேர்ந்ததுதான். தீக்காயத் தழும்பு முதிர்ந்து நிலைப்பதற்கு ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். மூன்றாம் மாதத்தில் நீண்டிருந்த விரல் பத்தாம் மாதத்தில் மடங்கியிருக்கும். அவசரப்பட்டு வாங்கிய சான்று குறைந்த எண்ணையே காட்டும். மறுபக்கம், இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்கக்கூடாது. ஆகவே மனு முன்னால், மதிப்பீடு பின்னால்.

அடுத்த ஆட்சேபம் முதலாளிகளிடமிருந்து வருவது, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அடிபட்டவரை நாங்கள் கைவிடவில்லை, பேக்கிங்கில் உட்காரவைத்துப் பழைய கூலியே கொடுக்கிறோம், பிறகு இழப்பு எங்கே என்பார்கள். பல ஆலைகளில் அப்படிச் செய்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சம்பளம் அந்த முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. தொழிலாளியின் திறனால் கிடைப்பது அன்று. லைசென்ஸ் ரத்தானால், ஆலை கைமாறினால், சீசன் சரிந்தால், அந்தக் கைகளோடு அவர் வேறு எந்த வாசலில் போய் நிற்பார்? சிவகாசியின் மூன்று தொழில்கள் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. மூன்றும் விரல்நுனித் தொழில்கள். சம்பாதிக்கும் திறன் என்பது திறந்த சந்தையில் அந்த உழைப்புக்கு உள்ள மதிப்பு. தயவில் கிடைக்கும் கூலியை வைத்து அதை அளந்தால், தயவு நிற்கும் நாளில் வழக்குப் போடும் காலமும் தாண்டியிருக்கும்.

மேல்முறையீடு என்றதும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பேசலாம் என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஆணையரின் உத்தரவின் மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீட்டைப் போட அறுபது நாள். அதிலும் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையரே கடைசி என்று கொல்லா ராஜன்னா வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. ஆணையர் கொடுத்ததை உயர் நீதிமன்றம் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது என்ற வகையில் அது தொழிலாளிக்குக் கவசம். ஆணையர் குறைத்துக் கொடுத்தால் அதே விதி பூட்டாகவும் ஆகும். அந்தப் பூட்டுக்குச் சாவி, மூன்று சதவீதங்களின் குழப்பம்தான். முப்பது போதாது என்று எழுதினால் அது உண்மைப் பிரச்சினை, தள்ளுபடி ஆகும். சம்பாதிக்கும் திறன் இழப்பைக் கேட்கும் பிரிவில் ஆணையர் உடல் ஊனச் சதவீதத்தை வைத்தார், வேலையைப் பற்றிய சாட்சியத்தைக் கருதவே இல்லை என்று எழுதினால் அது சட்டக் கேள்வி. ஆனால் வேலையைப் பற்றிய சாட்சியம் கட்டில் இருந்தால்தானே கருதவில்லை என்று சொல்ல முடியும். முதல் மனுவும் முதல் சாட்சியும் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் மேல்முறையீடு இருக்கும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள ஆலையென்றால் பாதை வேறு. அங்கே இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது, 53-ஆம் பிரிவு தடுக்கிறது. பதிலுக்கு நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுதும் மாதாமாதம் பணம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. சதவீதத்தை மெடிக்கல் போர்டு சொல்லும். குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ நேராக இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். வேலைக் குறிப்புத் தாள் அங்கேயும் அதே அளவு வேலை செய்யும். முதலாளி சந்தா கட்டவில்லை என்ற பதிலோடு திருப்பி அனுப்பினால், இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68-ஆம் பிரிவு இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்கவேண்டும்.

அடியோடு மறுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று நான்குதான். ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது, லைசென்ஸ் எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருந்தார்கள், பாலிசிப் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை, தொழிலாளியின் கவனக்குறைவு. லைசென்ஸ் என்பது அரசுக்கும் உரிமையாளருக்கும் இடையில் உள்ள விஷயம். இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை முதலாளியின் தொழிலுக்காக வெடிபொருள் செய்பவரையும் கையாள்பவரையும் அப்படியே சேர்த்துக்கொள்கிறது. லைசென்ஸ் இருக்கிறதா, எத்தனை பேர் என்று அந்த வரி கேட்கவில்லை. உள்குத்தகைக்கு 12-ஆம் பிரிவு பதில் சொல்கிறது: தன் தொழிலின் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரே முதலில் கட்டவேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ளட்டும். பாலிசியில் பெயர் இல்லையென்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் தப்பிக்கலாம், முதலாளி தப்பிக்க முடியாது. கவனக்குறைவு என்பது சட்டப்படி எதிர்வாதமே இல்லை. வெளிப்படையான கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபிக்கவேண்டும், எஃப்.ஐ.ஆரில் வழக்கமாக வரும் உராய்வு என்ற சொல் அதை நிரூபிக்காது. அப்படியே நிரூபித்தாலும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் அந்த வாதம் செல்லாது என்று மூன்றாம் பிரிவே சொல்கிறது. இங்கேயும் மூன்றாவது சதவீதம் வந்து நிற்பதைக் கவனிக்கவேண்டும்: சம்பாதிக்கும் திறனில் நூறு போயிற்று என்று நிலைநாட்டினால் தொகை மட்டும் உயர்வதில்லை, தவறு யாருடையது என்ற வாதமே விழுந்துவிடுகிறது.

மறுப்புக் காகிதம் இல்லாமலே மறுக்கப்படுபவையும் உண்டு. விபத்து நடந்த வாரத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகை பேசி, முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். கைநாட்டு வைத்தவர் அதோடு முடிந்தது என்று நம்பிவிடுகிறார். முடியவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 17-ஆம் பிரிவு. மொத்தத் தொகைக்குச் சமரசம் ஆனால் அதை ஆணையரிடம் அனுப்பிப் பதியவேண்டும். பதியாவிட்டால் முழு இழப்பீட்டையும் முதலாளி கட்டவேண்டும், கையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது என்கிறது 29-ஆம் பிரிவு. பேச்சை மதிக்கும் ஊரில் கையெழுத்துப் போட்டபின் வழக்குக்குப் போவது நியாயமா என்ற தயக்கம் தொழிலாளிகளிடமே இருக்கிறது. தீக்காய வார்டு வாசலில், மகனோ மனைவியோ, அடுத்த வேளை மருந்துச் செலவுக்காகப் போட்ட கையெழுத்தை முழு மனத்தோடு கொடுத்த வாக்காக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் கேட்டால் சின்ன ஆலைகள் மூடிப்போகும், அதே தொழிலாளிகள்தான் தெருவில் நிற்பார்கள் என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மழை குறைந்த இந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு அடுப்பு எரிவது இந்தத் தொழிலால்தான். ஆனால் இழப்பீட்டைக் குறைத்தால் விபத்தின் செலவு குறைவதில்லை. அது ஆலைக் கணக்கிலிருந்து அடிபட்டவரின் வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவே. மகள் படிப்பை நிறுத்துவது, வட்டிக்கு வாங்குவது என்று அந்தச் செலவு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கும். சின்ன ஆலைக்குப் பாதுகாப்பு இன்சூரன்ஸ். எம்.சி. மேத்தா வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் சிவகாசித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு, பிரீமியம் முதலாளி பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேருக்குப் பிரீமியம் கட்டுவதுதான் ஆலையை மூடவைக்கும், முழு இழப்பீடு கேட்பதல்ல. தாமதித்தால் பன்னிரண்டு சதவீத வட்டி, காரணமில்லாத தாமதத்துக்கு ஐம்பது சதவீதம்வரை அபராதம்; இவையெல்லாம் கடைசிவரை வழக்காடுவதன் விலை. முதல் மாதத்திலேயே கட்டினால் இரண்டுமே இல்லை.

முதல் சதவீதத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்து ஓர் உதாரணம். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அந்த ஆலையில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றது. காயமடைந்தவர்களுக்கு எவ்வளவு வெந்தது என்பதை வைத்துப் படிநிலை போட்டது. உடனடி நிவாரணத்துக்கு அந்த அளவு போதும். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்த அன்றே கொடுத்துவிடலாம், விசாரணை வேண்டாம். கை மட்டும் வெந்தவர் அந்தப் படிகளில் கீழேதான் நிற்பார் என்பதால், நிவாரணம் வந்துவிட்டதே என்று இழப்பீட்டு மனுவை விட்டுவிடக்கூடாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்களில் பலர் உதவிக்கு ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும்; அவர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார்கள். அந்த மாதிரிக் குடும்பங்களுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் தீர்ப்பாயமும்தான் வழி.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அதற்கு முந்தைய விபத்துகளின் வழக்குகள் பழைய பிரிவுகளில்தான் நடக்கின்றன. அதனால்தான் பழைய எண்களையே சொன்னேன். காய அட்டவணையும் வயதுப் பெருக்கெண்ணும் புதிய சட்டத்திலும் வந்திருக்கின்றன, அளவுகோல் மாறவில்லை. புதியதாக வந்ததில் இந்த ஊருக்கு முக்கியமானது ஒன்று உண்டு. பழைய இ.எஸ்.ஐ. பத்துப் பேர் உள்ள ஆலைக்குத்தான். புதிய சட்டம், உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்கிறது. வெடிமருந்தைவிட அந்த அறிவிப்புக்கு உரிய தொழில் எது? நாலு பேர் உட்காரும் ஷெட்டில், யார் லைசென்ஸ், யார் குத்தகை என்று தெரியாத இடத்தில் கை வெந்தவருக்கு மாதாமாதம் பணம் வருவதற்கு அது வழி செய்யும். முதலாளி யார் என்று தேடுவது கார்ப்பரேஷனின் வேலையாகும்.